ஓடக்காரன் மேல் சந்தேகம்

என் மனைவியை மாஸ்டர் என்று கூப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல்முறை கேட்பவர்கள் டீ மாஸ்டரா, டான்ஸ் மாஸ்டரா, நீச்சல் மாஸ்டரா என்று விசாரிப்பார்கள். எதுவும் இல்லை. வார நாட்களில் அவள் லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் மூன்று பேருக்கு மாஸ்டர். அந்த மூன்று பேரும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, ஒருவர் தன்னை வீரன் என்றும் ஒருவர் வைத்தியச்சி என்றும் ஒருவர் திருடன் என்றும் சொல்லிக்கொள்வார்கள். மிச்சமுள்ள உலகம் முழுவதும் இவள் பொறுப்பு. அரசன், அரசனின் சமையல்காரன், பூதம், பூதத்தின் மாமியார், மழை, பூட்டிய கதவு எல்லாம் இவளேதான். "கதவு திறக்குதா?" என்று கேட்டு அவர்கள் பகடையை உருட்டுவார்கள். விழுந்த எண்ணைப் பார்த்து, திறக்கிறதா இல்லையா என்று இவள் சொல்வாள். ஆட்டம் இதுதான். இவ்வளவுதானா என்று உங்களுக்குத் தோன்றும். கல்யாணமான புதிதில் எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இன்னும் கொஞ்சம் தோன்றத்தான் செய்கிறது.

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளன். வழுக்கும், வழுக்காது, பாத்ரூமுக்கு ஆகும், ஆகாது என்று நாள் முழுவதும் பேசித் தீர்ப்பதால் ஞாயிற்றுக்கிழமை என் வாயில் எதுவும் மிச்சம் இருக்காது. அவளுக்கு நேர்மாறு. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இரும்புக் கயிற்றில் பிரி விட்டிருக்கிறதா என்று தடவித் தடவிப் பார்ப்பது அவள் வேலை. கூட ஆள் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக்கிடம் யாரும் சேர்ந்தாற்போல் இரண்டு வார்த்தை பேசுவதில்லை. "எப்ப சரியாகும்?" என்பார்கள். சரியான பிறகு அதுவும் இல்லை. அதனால் வாரம் முழுவதும் சேர்ந்ததை ஞாயிற்றுக்கிழமை கொட்டுவாள். அந்த ஆட்டத்துக்கென்று தடித் தடியாகப் புத்தகங்கள் உண்டு. அவற்றைப் பையில் போட்டு நான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். பெண் பார்த்தபோது இப்படி ஒரு பேச்சு வந்ததாக எனக்கு நினைவில்லை.

பெண் பார்த்தது என்று சும்மா சொல்கிறேன். நான் பார்க்கவில்லை, குரலைத்தான் முதலில் கேட்டேன். மாதிரி டைல்ஸ் பெட்டியோடு ஒரு கட்டடத்தின் லிஃப்டில் மாட்டிக்கொண்டேன். மேலேயிருந்து ஒரு பெண்குரல், "கையில என்ன வச்சிருக்கீங்க?" என்றது. டைல்ஸ் என்றேன். "என்ன கலர்?" என்றது. சொன்னேன். "அத எந்த வீட்டுல, எந்த ரூமுல போடப் போறாங்க? யோசிச்சு வைங்க, வந்து கேக்கறேன்" என்றது. கதவு திறக்கும்போது நான் ஒரு வீட்டுக்கு முழுவதுமாகத் தரை போட்டு முடித்திருந்தேன். பயப்பட மறந்துபோயிருந்தது. அதன்பிறகு அந்தக் கட்டடத்துக்கு வேலையில்லாமலே போக ஆரம்பித்தேன்.

அவளுடைய இரண்டு வேலைகளும் ஒன்றுக்கொன்று ஆகாது. லிஃப்ட் வேலையில் எதிர்பாராதது எதுவும் நடக்கக்கூடாது. தரைக்கும் கூண்டுக்கும் ஒரு விரல் மேடு பள்ளம் இருந்தால்கூட யாராவது தடுக்கி விழுவார்கள், மறுநாள் கம்பெனிக்குப் புகார் வரும். ஞாயிற்றுக்கிழமை வேலையோ ஆட்களைத் தடுக்கி விழவைப்பது. ஆட வருகிறவர்கள் எதிர்பார்த்ததே நடந்தால் கொட்டாவி விடுவார்கள். புதிதாக ஆடுகிறவனை வைத்துச் சமாளித்துவிடலாம், இருட்டுக் குகை என்றாலே வாயைப் பிளப்பான். இவள் மேஜையில் உட்காருகிறவர்கள் தலைமுடி கறுப்பாக இருந்த காலத்திலிருந்து ஆடுகிறவர்கள். புதையல் பெட்டியைக் கண்டால் தள்ளி நின்று கழியால் தட்டுவார்கள். அழகான பெண் அழுதுகொண்டிருந்தால் வேறு வழியாகச் சுற்றிப் போவார்கள்.

வைத்தியச்சியாக ஆடுகிறவர் நிஜத்தில் நர்ஸ். செத்த எதிரியைச் செத்தான் என்று அவர் லேசில் நம்பமாட்டார். நாடி பார்த்துவிட்டு, எதற்கும் தலையைத் தனியாக எடுத்து வைத்துவிடலாம் என்பார். ஆஸ்பத்திரியில் அவர் மிகவும் கனிவானவர் என்று சொல்கிறார்கள். திருடனாக ஆடுகிறவர் ஆடிட்டர், இதைப்பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. குகைக்குள் பூதம் என்றால், இத்தனை காலம் அது எதைத் தின்றது, எலும்பெல்லாம் எங்கே, காவல் நிற்கும் எலும்புக்கூடுகளுக்கு யார் படியளப்பது என்று அக்குவேறு ஆணிவேறாகக் கேட்பார். கணக்கு எங்கே உதைக்கிறதோ அங்கே ரகசியக் கதவு இருக்கும். பெரும்பாலும் இருந்தது.

மூன்றாமவர் என் மச்சான், அதாவது அவளுடைய அண்ணன். கண்ணாடிக்கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின்னால் கண் பரிசோதனை செய்யும் அறையில்தான் ஆட்டம். சுவரில் எழுத்துகள் பெரிதிலிருந்து பொடியாகிக்கொண்டே போகும் அட்டை தொங்கும். அதற்குக் கீழே இவள் உட்காருவாள். மச்சான்தான் வீரன். அவரை ஏமாற்ற இவள் தலைகீழாக நின்றாலும் நடக்காது. ஒரு பாத்திரத்துக்கு இவள் பெயர் வைத்தால், "பேர் இருக்கா? அப்போ இவன்தான்" என்பார். வைக்காவிட்டால், "பேர ஏன் மறைக்கணும்?" என்பார். இவள் தொண்டையைச் செருமினால் பொறி, செருமாமல் பேசினால் பெரிய பொறி. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து பார்த்த முகம், அதில் எதை ஒளித்துவைக்க முடியும்?

சின்ன வயதில் அவர் நிறைய ஏமாந்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டிக்குள் முதலை இருக்கிறது, அடுத்த வீட்டுக்காரர் இரவில் தலையைக் கழற்றி மாடத்தில் வைத்துவிட்டுத்தான் தூங்குவார் என்றெல்லாம் தங்கைக்காரி நம்பவைத்திருக்கிறாள். ஒரு கட்டத்தில் இனி இவள் வாயிலிருந்து வருவது எதையும் நம்புவதில்லை என்று முடிவுகட்டினார். ஏமாறாமல் இருப்பதில் அவருக்குப் பாடம் எடுத்தவளே இவள்தான் என்று சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சங்கதி இருக்கிறது. அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

என் மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஒரு பகலில் நிலைமை மோசமானது. இவள் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "அப்பாவுக்கு ரொம்ப முடியல, உடனே கிளம்பி வா" என்றாள். நான் பக்கத்தில் நின்றேன். அழவில்லை, குரலை உயர்த்தவில்லை, இவ்வளவுதான் சொன்னாள். மச்சான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடையில் கண் பரிசோதனைக்கு ஆள் உட்கார்ந்திருந்தது, பாதியில் எழுப்ப முடியவில்லை என்றார். பிறகு, நீ சரியாகச் சொல்லவில்லை என்றார். நீ நம்பவில்லை என்றாள் இவள். இருவரிடமும் தனித்தனியாகப் போய், நீங்கள் சொல்வதும் நியாயம், அவர் சொல்வதும் நியாயம் என்று பேசிப்பார்த்தேன். இருவரிடமும் தனித்தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதோடு சரி.

கொஞ்ச காலம் ஆட்டமும் நின்றிருந்தது. நர்ஸும் ஆடிட்டரும்தான் விடாப்பிடியாக இருவரையும் மறுபடி இழுத்துவந்து உட்காரவைத்தார்கள். அன்றைக்கு மச்சான் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பகடையைப் பார்த்துக்கொண்டு, "என் வீரன் சத்திரக்காரன்கிட்ட கேக்கறான், குதிரைக்குத் தண்ணி கிடைக்குமா?" என்றார். இவள் சத்திரக்காரன் குரலில், "கிடைக்கும் வீரரே" என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து இதுவே வழக்கமாகிவிட்டது. வீரன் அரசனோடு பேசுவான், பூதத்தோடு பேசுவான், கதவோடுகூடப் பேசுவான். தங்கையோடு பேசமாட்டான்.

குடும்ப சமாசாரங்களும் இந்த வழியாகத்தான் போய்வந்தன. எங்கள் மகள் பரீட்சையில் தேறியதை மச்சானுக்குச் சொன்னது ஒரு குட்டிப் பூதம். நடுக்காட்டில் வீரன் முன்னால் வந்து குதித்து, "வீரரே, தூர தேசத்துச் செய்தி. உங்கள் மருமகள் தேறிவிட்டாள். கரும்பலகைதான் சரியாகத் தெரிவதில்லையாம்" என்றது. வீரன் யோசித்துவிட்டு, "பெண்ணை வரச்சொல், பார்க்கிறேன்" என்று பதில் அனுப்பினான். அடுத்த வாரம் மகளுக்குக் கண்ணாடி வந்துவிட்டது. அதேபோல வீரனுக்கு முழங்கால் வலி வந்தபோது, போகிற வழியிலெல்லாம் ஊருக்கு ஊர் ஒரு கிழவி எதிர்ப்பட்டு, படியேறாதே, எடையைக் குறை என்று உயிரை வாங்கினாள். வீரன் முறைத்தான். மச்சான் எடையைக் குறைத்தார். குடும்பத்தில் இப்படியும் உண்டா என்றால், எங்கள் குடும்பத்தில் உண்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மச்சான் பகடைகளை டப்பாவில் போட்டு மூடினார். அன்றைக்கு இவள் மாதக்கணக்கில் கட்டி எழுப்பிய ஒரு மந்திரவாதியை, காபி வருவதற்கு முன்பே இன்னார் என்று அவர் கண்டுபிடித்திருந்தார். நர்ஸைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாம் முன்னாடியே தெரிஞ்சுபோகுது. அரைச்ச மாவையே அரைச்சுட்டு இருக்கோம். அடுத்த வாரத்தோட என் வீரன் ஒதுங்கிக்கப் போறான். எங்கயாவது நிலம் வாங்கிட்டு மாடு மேய்ப்பான். இந்த ரூமுக்கும் புது மிஷின் வருது, இடம் வேணும்."

"வீரரின் விருப்பம்" என்றாள் இவள், அரசன் குரலில். குரல் நன்றாகத்தான் இருந்தது. பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் சொந்தக் குரலில் என்னிடம் கேட்டாள்: "வீரன் போயிட்டான்னா நான் யார்கிட்ட பேசறது?"

"நேரா உங்க அண்ணன்கிட்டயே பேசேன்."

"என்னன்னு பேசறது? அவன் வரட்டும்."

"அவரும் இதையேதான் சொல்லுவார்."

"நீங்க டைல்ஸ் விக்கற வேலையப் பாருங்க."

பார்த்தேன். அந்த வாரம் முழுவதும், நான் அடுப்படியில் காய் நறுக்கும்போது வந்து நின்று, யோசித்ததையெல்லாம் என்மேல் சோதித்துப் பார்த்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். அண்ணனை ஒரே ஒருமுறை அசரவைக்க வேண்டும். அசந்துவிட்டால் ஆசை வரும், ஆசை வந்தால் வீரன் மாடு மேய்க்கப் போகமாட்டான். "ராஜா எப்பவோ செத்துட்டார், இப்ப சிம்மாசனத்துல இருக்கறது அவரோட நிழல்" என்றாள். நான் கத்தியை நிறுத்திவிட்டேன். "அவங்க தேடிட்டுப் போற கொலைகாரன், அந்த வீரனோட கண்ணாடி பிம்பம்" என்றாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அவள் சலித்துக்கொண்டாள்.

"உங்கள வச்சு ஒரு கணக்கும் போட முடியாது. நீங்க எல்லாத்துக்கும் ஆச்சரியப்படறீங்க. டிவியில விளம்பரம் ஓடும்போதுகூட, கடைசியில அது சோப்புன்னு தெரிஞ்சதும் ஆச்சரியப்படறீங்க."

உண்மைதான். நிறைய விளம்பரங்கள் நடுவில் வேறு மாதிரிப் போகின்றன.

வாரக் கடைசியில் ஒருநாள் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். ஒரு பழைய அலுவலகக் கட்டடத்தில் ரொம்ப காலமாகப் படுத்துக்கிடந்த லிஃப்டைச் சரிசெய்திருக்கிறாள். கட்டடத்து வாட்ச்மேன் உற்சாகமாகி, "லிஃப்ட் வேலை செய்கிறது" என்று தாளில் பெரிதாக எழுதிக் கதவில் ஒட்டிவிட்டார். வந்தவர்கள் எல்லாரும் அதைப் படித்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், படியேறிப் போனார்கள். இவளே உள்ளே ஏறி, மேலே போய்க் கீழே வந்து, கதவைத் திறந்து வாங்க என்று கூப்பிட்டிருக்கிறாள். ஒரு கிளார்க் மட்டும் நின்று, "நல்லாத்தான் இருக்குன்னா எதுக்கும்மா ஒட்டணும்?" என்று கேட்டுவிட்டு, அவரும் படியேறிவிட்டார்.

நான் சிரித்தேன். அவள் சிரிப்பதை நிறுத்தியிருந்தாள்.

"அவங்கள ஏமாத்தவே கூடாது" என்றாள்.

"யார?"

"எங்க ஆளுங்கள. அவங்களுக்கு எல்லாப் பொறியும் தெரியும். பொறியே இல்லன்னா என்ன பண்றதுன்னுதான் தெரியாது."

எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. அதைக் கவனித்ததும் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நான் முன்பக்கம், பூட்டிய கடைக்குள், கண்ணாடிச் சட்டங்களுக்கு நடுவே செய்தித்தாளோடு உட்கார்ந்தேன். நடுவில் ஒரு திரைதான். எல்லாம் கேட்கும்.

அன்றைய கதை சாதாரணமானது. அக்கரையில் ஒரு கிராமம், அங்கே காய்ச்சல். இவர்கள் மருந்து கொண்டுபோக வேண்டும். ஆற்றங்கரையில் ஓர் ஓடம், ஓர் ஓடக்காரன். ஓடக்காரன் சொன்னான்: "ஏறுங்க. சாயங்காலத்துக்குள்ள வெள்ளம் வரும். அதுக்குள்ள அக்கரைல விட்டுடறேன். அங்க இருக்கறவங்களுக்கும் சொல்லி மேட்டுக்கு ஏத்திடலாம்."

அவ்வளவுதான். இவள் பேச்சை நிறுத்திவிட்டாள்.

"உன் பேர் என்ன?" என்றார் மச்சான்.

"ஓடக்காரன்னு கூப்பிடுவாங்க."

"கூலி?" இது ஆடிட்டர்.

"இஷ்டப்பட்டதக் குடுங்க."

இஷ்டப்பட்டதைக் கொடு என்கிறவனை ஆடிட்டர் தொழிலிலும் நம்பியதில்லை, ஆட்டத்திலும் நம்பியதில்லை. உள்ளே நாற்காலிகள் முன்னால் இழுபடும் சத்தம் கேட்டது. நர்ஸ், ஓடக்காரன் உயிருள்ள ஆள்தானா என்று நாடி பார்த்தார். நாடி சாதாரணமாக இருந்தது. "ரொம்பச் சாதாரணமா இருக்கே" என்றார் கவலையோடு.

மச்சானின் வீரனிடம் ஒரு மந்திர விளக்கு உண்டு. எதிரில் இருப்பவன் பொய் சொன்னால் அது கறுக்கும். ஏற்றினார்கள், பகடை உருண்டது. விளக்கு பளிச்சென்று எரிகிறது என்றாள் இவள். பிறகு மச்சான், "அப்போ அவன் பொய் சொல்லல. அவனுக்கே தெரியாம யாரோ அவன்கிட்ட பொய்ய வச்சு அனுப்பியிருக்காங்க" என்றார். மற்ற இருவரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். இத்தனை புத்தி நமக்கு இல்லாமல் போனது நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

"தண்ணி கொஞ்சம் ஏறியிருக்கு" என்றான் ஓடக்காரன். "ஏறிக்கறீங்களா?"

ஓடத்தின் அடிப்பலகையைத் தட்டிப் பார்த்தார்கள். ஆற்றில் கல் எறிந்தார்கள். துடுப்பை வாங்கி மோந்து பார்த்தார்கள். எங்கேயோ மேய்ந்துகொண்டிருந்த ஓர் ஆட்டைப் பிடித்து ஓடத்தில் ஏற்றி முதலில் அனுப்பினார்கள். ஆடு சுகமாக அக்கரை போய்ச் சேர்ந்தது. ஓடக்காரன் திரும்பி வந்தான்.

"ஆடு என்ன பண்ணுது?" என்றார் ஆடிட்டர்.

"மேயுது."

"திரும்பிப் பாக்குதா?"

"இல்ல. மேயுது."

"அது ஆடு இல்ல" என்றார் மச்சான் தீர்மானமாக.

ஓடக்காரனை மரத்தில் கட்டிவைத்தார்கள். அவன் கோபிக்கவில்லை. "கட்டறதுன்னா கட்டுங்க. ஆனா ஏறிடுங்க. தண்ணி முழங்கால் வரைக்கும் வந்தாச்சு" என்றான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. திரையை விலக்கித் தலையை நீட்டி, "அந்த ஆள்தான் படிச்சுப் படிச்சுச் சொல்றாரே, ஏறித் தொலைங்களேன்" என்றேன்.

"மாப்ள, நீங்க பேப்பரப் படிங்க" என்றார் மச்சான். "இது பழகினவங்க விஷயம்."

வெள்ளம் வந்தது. சொன்னபடி சாயங்காலத்துக்குள் வந்தது. முதலில் ஓடம் போனது. பிறகு அக்கரையில் கூரைகள் ஒவ்வொன்றாகப் போயின. இவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லாமல், ரயில் அறிவிப்பு மாதிரிச் சொன்னாள். ஆடு தப்பித்துவிட்டது, அது மேட்டில் மேய்ந்துகொண்டிருந்தது. மருந்துப் பானையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் இக்கரையில் நின்றார்கள்.

மச்சானின் வீரன் கட்டை அவிழ்த்து, ஓடக்காரனின் சட்டையைப் பிடித்தான். "இப்பவாவது சொல்லு. உன்ன அனுப்பினது யாரு?"

"யாரும் அனுப்பலைங்க."

"பின்ன எதுக்கு எங்கள ஏறச் சொன்ன?"

"வெள்ளம் வரும்னு தெரிஞ்சுது. அதான் ஏறுங்கன்னேன். வேற எப்படிங்க சொல்றது?"

"இதுல சூழ்ச்சி என்ன?" என்றார் ஆடிட்டர். இப்போது அவர் ஓடக்காரனைக் கேட்கவில்லை, மாஸ்டரைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல. ஏறியிருந்தா அக்கரைக்குப் போயிருப்பீங்க."

நர்ஸ் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு சிரிப்பு பீறிட்டது. "நம்மளே ஒரு ஊர முழுகடிச்சுட்டோம். நானும் கூடச் சேர்ந்து கயிறு கட்டினேன். மாஸ்டர், இத்தன வருஷத்துல இப்படி ஒண்ணு நீங்க பண்ணதே இல்ல." ஆடிட்டர் மேஜையைத் தட்டினார். தான் வாழ்நாளில் இப்படி ஏமாந்ததில்லை, அதுவும் யாரும் ஏமாற்றாமலே ஏமாந்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் ஜெயித்துவிட்டாள். நான் திரையை ஒதுக்கிப் பார்த்தேன், பாராட்டை அவள் எப்படி வாங்கிக்கொள்கிறாள் என்று பார்க்க ஆசை.

அவள் யாரையும் பார்க்கவில்லை. மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து, என்னைத் தாண்டி முன்பக்கம் வந்தார். கண்ணாடி மேஜைமேல் கிடந்த ஒரு சட்டத்தை எடுத்துத் துணியால் துடைத்தார். அதில் லென்ஸே இல்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. உறைத்ததும் அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது. திருப்பி அடிக்க முடியாத இடமாகப் பார்த்து அடித்திருக்கிறாளே என்று நினைத்தேன். உள்ளே எட்டிப் பார்த்தால், அவள் முகமும் அதே மாதிரிதான் இருந்தது. "நான் அத நினைச்சுப் பண்ணல" என்றாள் என்னிடம், உதடு மட்டும் அசைய. நான் நம்பினேன். அண்ணனை அசத்த வேண்டும் என்கிற பேராசையில் மற்றது எதுவும் அவள் கண்ணில் பட்டிருக்காது. ஓடக்காரன் வாயிலிருந்து அந்த வார்த்தைகள் வெளியே வந்தபோதுதான் அவளும் அவற்றைக் கேட்டிருக்கிறாள்.

மச்சான் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்து திரையருகே நின்றார். பகடையைப் பார்க்கவில்லை. தங்கையைப் பார்த்தார்.

"அன்னிக்கு கடையில ஆள் இருந்ததுன்னு சொன்னேன்ல" என்றார். வீரன் குரல் இல்லை. "ஆள் யாரும் இல்ல. கடை காலியாத்தான் இருந்தது. நீ மறுபடி கூப்பிட்டு, சும்மா சொன்னேன்னு சொல்லுவன்னு நினைச்சேன். போனப் பாத்துட்டே உக்காந்திருந்தேன்."

நர்ஸ் எழுந்து, "நாங்க போய் காபி சொல்லிட்டு வரோம்" என்றார். காபி ஏற்கெனவே குடித்தாயிற்றே என்று ஆடிட்டர் ஆரம்பித்தார். நர்ஸ் அவர் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். நானும் போயிருக்க வேண்டும். திரையைப் பிடித்தபடியே நின்றுவிட்டேன்.

அந்த மேஜையில் அவளுக்கு அடுத்த வாக்கியம் கிடைக்காமல் போய் நான் பார்த்ததில்லை. அரசன் விழுந்தாலும் கூரை விழுந்தாலும் மூச்சு விடுவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிடுவாள். இப்போது ஒன்றும் வரவில்லை. கடை காலியாக இருந்தது என்பது அவள் எந்தக் கதையிலும் யோசித்துப் பார்க்காத ஒன்று. இத்தனை வருஷமும் யாரோ ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, சுவரில் எழுத்துகளை நிதானமாகப் படித்துக்கொண்டிருந்ததாகவே நினைத்து, முகம் தெரியாத அந்த ஆள்மேலும் அவள் கோபப்பட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்பா கடைசியா என்ன சொன்னார்?" என்று கேட்டார் மச்சான்.

இதை அவர் யாரிடமும் கேட்டதில்லை. என்னிடம்கூட. ஆஸ்பத்திரி அறையில் அன்றைக்கு நானும் இருந்தேன், எனக்குப் பதில் தெரியும். அவள் நினைத்தால் அந்த நிமிஷத்தில் அண்ணனுக்கு ஆயுசுக்கும் போதுமான ஒன்றைச் சொல்லியிருக்கலாம். உன்னைத்தான் கேட்டார், உன் பேரைத்தான் சொன்னார் என்றால் போதும். சாகும் அரசர்களுக்கு அவள் எழுதிக்கொடுத்த கடைசி வார்த்தைகளைக் கேட்டு நர்ஸ் அழுதிருக்கிறார். அது அவளுக்குக் கைவந்த வேலை. சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்றும் விரும்பினேன்.

"ஒண்ணும் சொல்லலண்ணா" என்றாள். "தூங்கிட்டு இருந்தார். அப்படியே போயிட்டார்."

மச்சான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுகேள்வி கேட்கவில்லை.